ஒரு சிறு கோட்டின் கதை

உணவு விடுதியில் அமர்ந்து, "ஒரு காபி, ஸ்ட்ராங்காக, சர்க்கரை வேண்டாம்" என்று சொல்கிறீர்கள். பரிமாறுபவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறார். நீங்கள் சொன்னவற்றுள் காபி என்பது பொருள். மற்ற இரண்டும் அந்தப் பொருள் எப்படி இருக்கவேண்டும் என்ற உங்கள் விருப்பம். இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'சர்க்கரை வேண்டாம்' என்பது ஏதோ ஒரு பலகாரத்தின் பெயர் என்று எண்ணி அவர் சமையற்கட்டில் தேடப்போவதும் இல்லை.

கணிப்பொறியிடம் இப்படிப் பேசினால் என்ன ஆகும்? அது சொற்களைக் காணும். சொல்லின் வேலையை அறியாது. எந்தச் சொல் பொருளைக் குறிக்கிறது, எந்தச் சொல் விருப்பத்தைக் குறிக்கிறது என்று பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். இன்று மிகப் பரவலாக வழங்கிவரும் அடையாளம் ஒரு சிறு கோடு. விசைப்பலகையில் சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே கோடுதான். அது எப்படி வந்தது, அதைப் படித்தறியச் சி மொழி நிரல்கள் எவ்வாறு கற்றுக்கொண்டன, சரியாகக் கற்றுக்கொள்ளாத இடங்களில் என்ன விபரீதம் நேர்ந்தது என்பதை இங்கே காண்போம்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. திரையிலுள்ள படங்களைத் தொட்டு வேலை வாங்கும் காலம் இது. ஆயினும் உலகின் பெரும்பாலான சேவைக் கணிப்பொறிகளை ஆள்பவர்கள் இன்றும் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே ஆள்கிறார்கள். லினக்ஸ் பொறி ஒன்றின் முன் அமர்ந்து 'எல்எஸ் -எல் கடிதங்கள்' என்று அடிப்பதாக வைத்துக்கொள்வோம். (உண்மையில் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்தான் அடிக்கவேண்டும், இங்கே அதன் ஒலியை மட்டும் தமிழில் தருகிறோம்.) எல்எஸ் என்பது ஒரு நிரலின் பெயர். ஒரு கோப்பகத்தில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியலிடுவது அதன் வேலை. 'கடிதங்கள்' என்பது அந்தக் கோப்பகம். இடையிலுள்ள '-எல்' என்பதே நம் விருப்பம்: பெயரை மட்டும் காட்டாமல் அளவு, தேதி, உரிமையாளர் எல்லாவற்றையும் சேர்த்து நீளமாகக் காட்டு என்று பொருள். இத்தகைய சொல்லை விருப்பக்குறி என்று அழைப்போம்.

நீங்கள் அடித்த வரியை முதலில் வாங்கிக்கொள்வது ஷெல் என்னும் இடைத்தரகர் நிரல். அது இடைவெளி கண்ட இடங்களில் வரியை வெட்டி மூன்று சொற்களாக்குகிறது. பிறகு இயக்க முறைமை அம்மூன்று சொற்களையும் அப்படியே எல்எஸ் நிரலின் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த நிரல் சி மொழியில் எழுதப்பட்டிருந்தால், அதன் முதன்மைச் செயற்கூறான 'மெயின்' இரண்டு செய்திகளைப் பெறுகிறது. ஒன்று, எத்தனை சொற்கள் என்னும் எண்ணிக்கை. அதற்கு 'ஆர்க்-சி' என்று பெயர். மற்றொன்று, அச்சொற்களின் வரிசை. அதற்கு 'ஆர்க்-வி' என்று பெயர். வரிசையின் சுழியாம் இடத்தில் நிரலின் பெயரே இருக்கும். ஒன்றாம் இடத்தில் '-எல்', இரண்டாம் இடத்தில் 'கடிதங்கள்'. அவ்வளவுதான்!

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். சிறு கோட்டுக்கு என்று ஒரு தனிப்பொருள் இருப்பதை ஷெல் அறியாது; இயக்க முறைமையும் அறியாது. '-எல்' என்பதும் 'கடிதங்கள்' என்பதும் அவற்றுக்கு வெறும் சொற்களே. கோட்டில் தொடங்கினால் விருப்பம், மற்றவை பொருள் என்று முடிவு செய்யும் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதியவருடையது. வேறு விதமாக முடிவு செய்தாலும் தடுப்பார் இல்லை. ஆக இது சட்டமன்று, வழக்கம். பின்னால் வரும் தொல்லைகள் அனைத்துக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

காகிதத்தில் அச்சடித்த உரையாடல்

கணிப்பொறியோடு நேருக்கு நேர் பேசும் வசதி தொடக்கத்தில் இல்லை. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். 1964-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 பொறிகளில், எந்த நிரலை ஓட்டவேண்டும் என்பதைச் சொல்லும் அட்டையிலேயே 'பார்ம்=' என்று எழுதி, அந்த நிரலுக்கான விருப்பங்களை 100 எழுத்துகளுக்குள் குறிக்கலாம். அதை எப்படிப் பிரித்துப் பொருள் கொள்வது என்பது அன்றும் அந்தந்த நிரலின் பாடு.

பின்னர் ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் முனையங்கள் வழியாகப் பயன்படுத்தும் முறை வந்தது. அவ்வகையில் பெருமுயற்சி என்று சொல்லத்தக்கது மல்ட்டிக்ஸ். எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் 1965-இல் கைகோத்துத் தொடங்கிய திட்டம் அது. மல்ட்டிக்ஸ் கட்டளைகளிலும் விருப்பங்கள் சிறு கோட்டில்தான் தொடங்கின. ஆனால் அவை முழுச் சொற்கள். '-பிரீஃப்' என்றால் சுருக்கமாகச் சொல் என்று பொருள். அடிக்கடி அடிப்போரின் வசதிக்காக அதற்கு '-பிஎஃப்' என்றொரு குறுக்கமும் உண்டு.

1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அங்கே பணியாற்றிய கென் தாம்சன், நியூஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில், அதிகம் பயன்படாதிருந்த பிடிபி-7 என்னும் சிறு கணிப்பொறியில் தம் விருப்பப்படி ஓர் இயக்க முறைமையை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சி உடன் சேர்ந்தார். யூனிக்ஸ் பிறந்தது இவ்வாறுதான்.

அவர்கள் கணிப்பொறியோடு பேசிய கருவி இன்றைய திரை அன்று. டெலிடைப் 33 என்னும் தட்டச்சு இயந்திரம். நொடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில் தடதடவென்று காகிதச் சுருளில் அச்சிடும். விசைகளை அழுத்தப் பலம் வேண்டும். இக்கருவியின் முன் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவன் ஓரெழுத்தையும் வீணாக்க மாட்டான். எனவேதான் யூனிக்ஸ் கட்டளைகள் எல்எஸ், ஆர்எம், சிபி என்று இரண்டெழுத்தில் நின்றன. விருப்பங்கள் ஓரெழுத்துக்குச் சுருங்கின. இக்கருவியில் பழகாத நமக்கு இவை பூடகமாகத் தோன்றுவது இயல்பே. 1971 நவம்பர் 3 என்று நாளிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் எல்எஸ் கட்டளைக்கு ஐந்தே விருப்பங்கள்: எல், டி, ஏ, எஸ், இன்னொரு டி (முதலது நேரத்தையும், கடைசியது கோப்பகத்தையும் குறிக்கும் ஆங்கில எழுத்து). இன்று லினக்ஸில் வழங்கும் எல்எஸ் கட்டளைக்கோ ஆங்கில நெடுங்கணக்கே போதாமல் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் கலந்து பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

ஊருக்கு ஒரு வழக்கு

நிரல் எழுதுபவரே முடிவு செய்யலாம் என்றால் ஆளுக்கொரு முடிவு செய்வார்கள் அல்லவா? யூனிக்ஸிலும் அதுவே நடந்தது. கோப்புகளைக் கட்டாகக் கட்டும் 'டார்' கட்டளைக்குக் கோடே தேவையில்லை. எழுத்துகளை வெறுமனே அடித்தால் போதும். கோப்பைப் படியெடுக்கும் 'டிடி' கட்டளை, ஐபிஎம் அட்டைகளின் சாயலில், 'ஐஎஃப்=' 'ஓஎஃப்=' என்று சமக்குறி போட்டுக் கேட்கும். 'ஃபைண்ட்' கட்டளை கோட்டுக்குப் பின் '-நேம்' என்று முழுச் சொல்லையே எதிர்பார்க்கும். கோப்பின் அனுமதிகளை மாற்றும் 'சிஎச்மோட்' கட்டளையில் '-எக்ஸ்' என்றால் அது விருப்பக்குறியே அன்று. அங்கே கோடு கழித்தல் குறி, இயக்கும் அனுமதியை நீக்கு என்று பொருள்!

எல்லாவற்றிலும் வேடிக்கை 'நைஸ்' என்னும் கட்டளை. ஒரு வேலைக்கு எவ்வளவு முன்னுரிமை தரலாம் என்பதை அதற்கு எண்ணால் சொல்லவேண்டும். 'நைஸ் -10' என்றால் கழித்தல் பத்து என்று நினைப்பீர்கள். இல்லை, அந்தக் கோடு விருப்பக்குறியின் கோடு, எண் கூட்டல் பத்துதான். கழித்தல் பத்து வேண்டுமானால் 'நைஸ் --10' என்று இரண்டு கோடு போடவேண்டும். ஒரே கோட்டுக்கு இரண்டு வேலை கொடுத்தால் இப்படித்தான் முடியும்.

சி மொழியை 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிச்சி உருவாக்கினார். பிரையன் கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து அம்மொழியை விளக்கும் நூலை 1978-இல் வெளியிட்டார்கள். ஒரு தலைமுறை நிரலாளர்கள் அந்நூலைப் படித்தே வளர்ந்தார்கள். அதன் ஐந்தாம் இயலில், விருப்பக்குறிகளைப் படிக்கும் சிறு நிரல் ஒன்று எடுத்துக்காட்டாக வருகிறது. ஓர் உரையில் குறிப்பிட்ட சொற்கோவை எந்தெந்த வரிகளில் வருகிறது என்று தேடும் நிரல் அது. '-எக்ஸ்' கொடுத்தால் அச்சொல் இல்லாத வரிகளைக் காட்டும். '-என்' கொடுத்தால் வரிக்கு எண் போடும். '-எக்ஸ்என்' என்று இரண்டையும் ஒட்டியும் கொடுக்கலாம்.

நிரல் செய்யும் வேலை எளிமையானது. அடுத்த சொல்லை எடு. அதன் முதல் எழுத்து கோடா என்று பார். ஆம் எனில், எஞ்சிய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எக்ஸ் ஆனால் ஒரு கொடியை உயர்த்து, என் ஆனால் மற்றொரு கொடியை உயர்த்து, வேறெதுவும் ஆனால் 'இப்படியொரு விருப்பம் இல்லை' என்று கூறு. கோடில்லாத சொல் வந்ததும் நின்றுவிடு. ஆனால் இதைச் சி மொழியில் எழுதும்போது சுட்டுக்குச் சுட்டு, அதன்மேல் ஓர் அதிகரிப்புக் குறி, அதைச் சுற்றி ஓர் அடைப்பு என்று மூன்றும் ஒரே வரியில் நெருக்கியடிக்கும். அடைப்பை இடம் மாற்றிப் போட்டால் அடுத்த சொல்லுக்குப் போவதற்குப் பதிலாக அதே சொல்லின் அடுத்த எழுத்துக்குப் போய்விடும். நூலாசிரியர்களே அவ்விடத்தில் நின்று அந்த அடைப்பு ஏன் தேவை என்று தனியே விளக்குகிறார்கள். கற்றுக்கொள்ள அருமையான பாடம். ஆனால் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொருவரும் இதை மறுபடி மறுபடி எழுதவேண்டும் என்பதில் பொருளில்லை.

எடுபிடிச் செயற்கூறு

இந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததுதான் 'கெட்ஆப்ட்'. யூனிக்ஸை உடைமையாகக் கொண்டிருந்த ஏடி அண்ட் டி நிறுவனத்துக்குள்ளே 1980 அளவிலேயே இது எழுதப்பட்டுவிட்டது. ஏறக்குறைய ஒரே அச்சுப் பக்கத்தில் அடங்கிவிடும் சிறிய செயற்கூறு. ஆனால் அதன் அமைப்பில் உள்ள புத்திசாலித்தனம் பாராட்டத்தக்கது.

நீங்கள் அதனிடம் மூன்று பொருள்களைக் கொடுக்கிறீர்கள். முதலிரண்டும் நாம் மேலே கண்ட எண்ணிக்கையும் சொல்வரிசையும். மூன்றாவது, உங்கள் நிரல் ஏற்கும் விருப்ப எழுத்துகளை ஒட்டி எழுதிய ஒரு சிறு சரம். எந்த எழுத்தை அடுத்து ஒரு மதிப்பு வரவேண்டுமோ அந்த எழுத்தின் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைக்கவேண்டும். 'எல்ஓ:' என்று கொடுத்தால், எல் தனியே வரும், ஓ வந்தால் அதனோடு ஒரு பெயர் வரும் என்பது பொருள். இந்த ஒரு வரிதான் உங்கள் நிரலின் இலக்கணம்!

கெட்ஆப்டை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அது அடுத்த விருப்ப எழுத்தை எடுத்து உங்கள் கையில் கொடுக்கும். மதிப்பு உள்ள விருப்பமானால் அம்மதிப்பை 'ஆப்ட்ஆர்க்' என்னும் மாறியில் வைத்துவிடும். உங்கள் சரத்தில் இல்லாத எழுத்தைக் கண்டால் தானே ஒரு பிழைச் செய்தியை அச்சிட்டுவிட்டுக் கேள்விக்குறியைத் திருப்பித்தரும். விருப்பங்கள் தீர்ந்ததும் -1 தரும். அப்போது 'ஆப்ட்இண்ட்' என்னும் மாறியைப் பார்த்தால், உண்மையான பொருள்கள் வரிசையில் எந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன என்பது தெரியும். அந்த மாறி 1 என்ற எண்ணில் தொடங்கும். ஏனெனில் சுழியாம் இடத்தில் நிரலின் பெயர் இருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் இறுதியில் வேலை இருக்கிறது.

பயன்படுத்துவோருக்கும் அது சில சலுகைகளைத் தந்தது. எழுத்துகளை ஒட்டி அடிக்கலாம். மதிப்பை இடைவெளி விட்டும் அடிக்கலாம், விடாமல் ஒட்டியும் அடிக்கலாம். இந்த இரண்டு சலுகைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. '-எல்ஓ விடை' என்று அடித்தால் எல் ஒரு விருப்பம், ஓ மற்றொன்று, அதன் மதிப்பு 'விடை'. எழுத்தை முன்பின் மாற்றி '-ஓஎல் விடை' என்று அடித்தால்? ஓ-வுக்குப் பின் எது வந்தாலும் அது மதிப்பு. எனவே 'எல்' என்பதே மதிப்பாகிவிடும். 'விடை' தனியே அநாதையாக நிற்கும். கட்டளை பிழையில்லாமல் ஓடிவிடும், 'எல்' என்ற பெயரில் ஒரு கோப்பு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் பிறகு விழிப்பீர்கள்.

இரட்டைக் கோட்டுக்கும் ஒரு பணி வந்தது. '--' என்று தனியே ஒரு சொல் வந்தால், விருப்பங்கள் இத்தோடு முடிந்தன, இனி வருவதெல்லாம் பொருள்களே என்று கெட்ஆப்ட் எடுத்துக்கொள்ளும். இதன் அருமை சற்றுப் பின்னர் புலப்படும்.

கருவி கிடைத்துவிட்டது, ஆனால் எல்லாரும் அதைப் பயன்படுத்த வேண்டுமே? 1984-ஆம் ஆண்டு யூஸ்நிக்ஸ் கோடை மாநாட்டில் கேத்லீன் ஹெமன்வே, ஹெலீன் ஆர்மிட்டேஜ் என்னும் இருவர் யூனிக்ஸ் கட்டளைகளின் சொற்றொடரமைப்புக்கு ஒரு பொதுவிதியை முன்மொழிந்தார்கள். விருப்பத்தின் பெயர் ஓரெழுத்தாக இருக்கவேண்டும், விருப்பங்கள் பொருள்களுக்கு முன்னால் வரவேண்டும் என்பன போன்ற விதிகள். யூனிக்ஸின் மூல நிரல் காசு கொடுத்து உரிமம் பெற்றவர்களுக்கே கிடைத்த காலம் அது. வெளியார் கையேட்டிலுள்ள விளக்கத்தைப் படித்துத் தாமே கெட்ஆப்டைத் திருப்பி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. 1985-இல் டாலஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி நிறுவனமே கெட்ஆப்டின் மூல நிரலைப் பொதுவுடைமையாக வழங்கிவிட்டது. இலாப நோக்குள்ள நிறுவனம் ஒன்று செய்த அறிவார்ந்த காரியங்களுள் இதைச் சேர்ப்பேன். விதியை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் படிப்பார்கள், மறப்பார்கள். விதிப்படி நடக்கும் கருவியை இலவசமாகக் கொடுத்தால், சோம்பேறிகூட விதியைப் பின்பற்றிவிடுவான். 1992-இல் வெளிவந்த போசிக்ஸ் 2 தரநிர்ணயத்தில் கெட்ஆப்டும் அதன் விதிகளும் இடம்பெற்றன. பழைய நைஸ் கட்டளைக்கும் அப்போது 'நைஸ் -என் 10' என்று ஒழுங்கான வடிவம் கிடைத்தது.

சாய்கோட்டுக் கிளை

இதே காலத்தில் வேறொரு குடும்பம் வேறு குறியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் பெரிய கணிப்பொறிகளில் விருப்பங்களைச் சாய்கோட்டால் குறிப்பது வழக்கம். 1981-இல் ஐபிஎம் தனிக் கணிப்பொறியோடு வந்த எம்எஸ்-டாஸ் இவ்வழக்கத்தை மேற்கொண்டது: 'டிஐஆர்/டபிள்யூ' என்று அடிக்கவேண்டும். அப்போது டாஸில் கோப்பகத்துக்குள் கோப்பகம் என்ற ஏற்பாடே கிடையாது. 1983-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த ஏற்பாடு யூனிக்ஸைப் பார்த்துச் சேர்க்கப்பட்டது. யூனிக்ஸில் கோப்பகப் பெயர்களைப் பிரிப்பது சாய்கோடு. டாஸிலோ அக்குறி ஏற்கெனவே விருப்பங்களுக்குப் பட்டா போட்டாயிற்று! எனவே எதிர்ப்புறம் சாய்ந்த கோட்டைப் பிடித்தார்கள். விண்டோஸில் இன்றுவரை கோப்பின் முகவரியில் கோடு மறுபுறம் சாய்ந்திருப்பதன் காரணம் இதுவே.

டாஸில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே வரியைச் சொற்களாக வெட்டித்தர யாரும் இல்லை. நீங்கள் அடித்த வரியின் எஞ்சிய பகுதி முழுவதும் 128 பைட்டு கொண்ட ஓரிடத்தில் அப்படியே வைக்கப்படும். சி மொழி நிரலுக்குச் சொல்வரிசை வேண்டுமே என்பதற்காக, மொழிமாற்றி தயாரித்தவர்கள் 'மெயின்' தொடங்குவதற்கு முன்பே அவ்வரியை வெட்டும் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு நிரலிலும் சேர்த்துத் தைத்தார்கள்.

ஓரெழுத்து போதாமற் போயிற்று

டெலிடைப் போய்த் திரைகள் வந்தன. விருப்பங்களின் எண்ணிக்கை பெருகியது; ஓரெழுத்துக் குறிகளை நினைவில் வைப்பது கடினமாயிற்று. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தார் 'கெட்ஆப்ட்_லாங்' என்னும் விரிந்த செயற்கூறை எழுதினார்கள். இதற்குச் சரத்தோடு ஒரு பட்டியலும் கொடுக்கவேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரிசையிலும் விருப்பத்தின் முழுப்பெயர், அதற்கு மதிப்பு உண்டா இல்லையா, அதற்கு ஈடான ஓரெழுத்து ஆகியவை இருக்கும். '-வி' என்பதற்கு '--வெர்போஸ்' என்று தெளிவாக அடிக்கலாம். வேறு பெயரோடு குழப்பம் வராதவரை '--வெர்ப்' என்று பாதியில் நிறுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும்.

இந்த இரட்டைக் கோடு உடனே கிடைத்துவிடவில்லை. முதலில் நெடும்பெயர்களுக்குக் கூட்டல் குறியைத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். அது போசிக்ஸ் தரத்துக்கு ஒத்துவராது என்று கண்டு இரட்டைக் கோட்டுக்கு மாறினார்கள். சில காலம் இரண்டும் செல்லுபடியாயின.

க்னூ செய்த மற்றொரு மாற்றம் விவாதத்துக்குரியது. பொருளுக்குப் பின்னால் வரும் விருப்பத்தையும் அது ஏற்றுக்கொண்டது. 'எல்எஸ் கடிதங்கள் -எல்' என்று அடித்தாலும் லினக்ஸில் நீளப் பட்டியல் வரும். இதற்காக அந்தச் செயற்கூறு சொல்வரிசையையே இடம் மாற்றி அடுக்கிக்கொள்கிறது. பழைய முறைப்படி '-எல்' என்பது இங்கே ஒரு கோப்பின் பெயராகக் கொள்ளப்பட வேண்டும். தரத்தின்படியே நடக்கவேண்டும் என்போர் ஒரு சூழல் மாறியை அமைத்துப் பழைய ஒழுக்கத்தைத் திரும்பப் பெறலாம். அம்மாறிக்கு ஸ்டால்மன் முதலில் வைத்தது தரக்குழுவைக் கேலி செய்யும் ஒரு பெயர். பிறகு கண்ணியமான பெயருக்கு மாற்றப்பட்டது.

பெயரே கட்டளையானால்

பெண் குழந்தைகளே பிறந்த வீட்டில் அடுத்து வந்த பெண்ணுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கும் வருந்தத்தக்க வழக்கம் நம் சிற்றூர்கள் சிலவற்றில் உண்டு. வகுப்பில் ஆசிரியர் "வேண்டாம்!" என்று கூப்பிட்டால் அது பெயரா, தடையா? மனிதர்கள் சூழலைக் கொண்டு புரிந்துகொள்கிறார்கள். கணிப்பொறி என்ன செய்யும்?

யூனிக்ஸில் கோப்பின் பெயர் கோட்டில் தொடங்கக்கூடாது என்று விதி இல்லை. ஒரு கோப்பகத்தில் '-ஆர்' என்ற பெயரில் ஒரு கோப்பு கிடக்கிறது என்று கொள்வோம். நீங்கள் அங்குள்ள கோப்புகளை அழிக்க 'ஆர்எம் *' என்று அடிக்கிறீர்கள். நட்சத்திரக் குறியை விரித்து எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதுவது ஷெல்லின் வேலை. ஆர்எம் நிரலின் வேலையன்று. எனவே ஆர்எம்மின் கைக்கு வரும் வரிசையில் '-ஆர்' என்று ஒரு சொல் இருக்கும். அதை நீங்கள் அடித்தீர்களா, கோப்பின் பெயராக வந்ததா என்பதை அறிய அதற்கு எந்த வழியும் இல்லை. '-ஆர்' என்றால் உட்கோப்பகங்களையும் சேர்த்து அழி என்று பொருள். சாதாரணமாக ஆர்எம் தொடாமல் விட்டுவிடும் உட்கோப்பகங்கள் அனைத்தும் போய்விடும். '-ஆர்' என்ற கோப்பு மட்டும் அழியாமல் நிற்கும். 'ஆர்எம் -- *' என்று அடித்திருந்தால் இந்த விபத்து இல்லை. புள்ளியும் சாய்கோடும் இட்டு 'ஆர்எம் ./*' என்று அடித்தாலும் தப்பலாம். ஒவ்வொரு பெயரும் புள்ளியில் தொடங்கிவிடுவதால் எதுவும் விருப்பக்குறியாகத் தோன்றாது.

இது நம் கோப்புகளோடு போகும் இழப்பு. 1994-இல் வெளிப்பட்ட குறை இதைவிடப் பெரிது. தொலைவிலிருந்து ஒரு கணிப்பொறிக்குள் நுழையும்போது உங்கள் பயனர் பெயரை அனுப்புகிறீர்கள். வாயிற்காப்போனாகிய நிரல் அப்பெயரை வாங்கி, 'லாகின்' என்னும் மற்றொரு நிரலுக்கு ஒரு சொல்லாகக் கொடுக்கும். லாகின் நிரலுக்கு '-எஃப்' என்றொரு விருப்பம் உண்டு: இவர் முன்பே சரிபார்க்கப்பட்டவர், கடவுச்சொல் கேட்காதே என்று பொருள். நம்பகமான நிரல்கள் பயன்படுத்துவதற்காக ஏற்பட்டது. பயனர் பெயராக ஒருவன் '-எஃப்ரூட்' என்று அனுப்பினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். மதிப்பை ஒட்டி எழுதலாம் என்ற சலுகையால், அந்த ஒற்றைச் சொல் 'எஃப்' என்னும் விருப்பமாகவும் 'ரூட்' என்னும் மதிப்பாகவும் பிரிந்துவிடும். ரூட் என்பது பொறியின் முழு அதிகாரி. கடவுச்சொல் இன்றியே கதவு திறந்துவிட்டது! ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் முறைமையிலும் அந்நாளைய லினக்ஸ் சிலவற்றிலும் இவ்வழி இருந்தது. அதைவிட வியப்பு, 13 ஆண்டுகள் கழித்து 2007 பிப்ரவரியில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10-இல், வேறொரு வாயிற்காப்போனிடம், இதே துளை மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. வெளியார் தந்த பெயருக்கு முன்னால் இரண்டு கோடுகள் இட்டிருந்தாலோ, கோட்டில் தொடங்கும் பெயரை ஏற்க மறுத்திருந்தாலோ போதும்.

2012-இல் வலைத்தளங்களை நடத்தும் பிஎச்பி நிரலிலும் இதே குடும்பத்துக் குறை ஒன்று வெளிவந்தது. வலை முகவரியின் இறுதியில் கேள்விக்குறி இட்டு '-எஸ்' என்று சேர்த்தால், சில தளங்களில் அது கட்டளை வரி விருப்பமாகவே நிரலுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்தைக் காட்டுவதற்குப் பதில் அப்பக்கத்தின் மூல நிரலையே தளம் காட்டிவிட்டது.

கோடே இல்லாமலும் ஒரு விபரீதம் நடந்தது. ஆர்க்-வி வரிசையின் சுழியாம் இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்றோம். அதுவும் வழக்கமே தவிரச் சட்டமன்று. ஷெல்லின் உதவியில்லாமல் ஒரு நிரலை மற்றொரு நிரல் நேரடியாக இயக்கும்போது, ஒரு சொல்லும் இல்லாத வெறும் வரிசையைக் கொடுக்க முடியும். ஆர்க்-சி அப்போது சுழியம். லினக்ஸில் ஒரு சாதாரணப் பயனருக்குத் தற்காலிகமாக அதிகாரியின் உரிமையை வழங்கும் 'பிகேஎக்ஸெக்' என்ற நிரல், தன் விருப்பங்களைக் கையால் எழுதிய சுழற்சியில் படித்தது. சுழற்சி 1 என்ற எண்ணில் தொடங்கும். எண்ணிக்கை சுழியமானதால் சுழற்சி ஒருமுறைகூடச் சுற்றாது. ஆனால் எண் 1 ஆகவே நிற்கும். அடுத்த வரி, ஒன்றாம் இடத்திலுள்ள சொல்லைப் பொருளாக எடுத்துக்கொள்ளும். அப்படியோர் இடமே கிடையாது! நினைவகத்தில் சொல்வரிசை முடிந்தவுடன் சூழல் மாறிகளின் வரிசை தொடங்குகிறது. ஆகவே நிரல் வேலி தாண்டி அடுத்த வீட்டுப் பொருளை எடுத்ததோடு, அதைத் திருத்தி அங்கேயே எழுதியும் வைத்தது. உயர் உரிமை பெற்ற நிரல்களுக்கு ஆகாதவை என்று முன்பே களைந்து எறியப்பட்ட ஆபத்தான சூழல் மாறி ஒன்றை இவ்வாறு மீண்டும் உள்ளே நுழைத்து, எந்தப் பயனரும் முழு அதிகாரி ஆகிவிடலாம்.

2009 மே மாதம் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே இக்குறை இருந்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 ஜனவரி 25 அன்று இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் வந்த லினக்ஸ் 5.18-இல் இயக்க முறைமையின் கருவே மாற்றப்பட்டது: யாராவது வெறும் வரிசையோடு ஒரு நிரலை இயக்கினால், சுழியாம் இடத்தில் எழுத்தே இல்லாத ஒரு வெற்றுச் சொல்லை அதுவே வைத்துவிட்டு, எண்ணிக்கையை 1 என்று சொல்லிவிடும்.